பந்தயம் ஏன் தெற்கே ஓடுகிறது?

அதிகாலை மணி 3.

காசிமேட்டில் மீன் ஏலம் சூடு பிடித்து விட்டது. படகுகள் கரை சேர்ந்து விட்டன. விளக்கு வெளிச்சத்தில் வஞ்சிரமும் சங்கராவும் மின்னுகின்றன. கூடையும் கையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். விடிவதற்குள் சரக்கை வாங்கித் தெருத் தெருவாகப் போயாக வேண்டும்.

அதே நேரம், திருவொற்றியூரை அடுத்த விம்கோ நகர் மெட்ரோ ரயில் நிலையம். அங்கும் சிலர் வந்து நிற்கிறார்கள். வாலிபர்கள், நரை தட்டியவர்கள், இரண்டொரு பெண்கள். காலில் ஓட்டக்காரர்கள் அணியும் பூட்ஸ். மார்பில் ஊக்கு குத்திய எண் அட்டை. இவர்கள் வேலைக்குப் போகவில்லை. ஓடப் போகிறார்கள்!

சென்னை மாரத்தான் நடக்கிற நாளில் காணக்கூடிய காட்சி இது. அன்றைக்கு மட்டும் மெட்ரோ ரயில் விடியலுக்கு முன்பே புறப்பட்டு விடும். அதில் ஏறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, நேப்பியர் பாலம் வரை நடந்தால் பந்தயம் தொடங்கும் இடம் வந்துவிடும்.

ஓடுவதற்காக ரயில் ஏறிப் போக வேண்டியிருக்கிறதே, அது ஏன்? சொந்த ஊரில் ஓட இடம் இல்லையா?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் துறைமுகம், கடல் மணல், லாரி, நிலக்கரி என்று எங்கெங்கோ போக வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரி 6-ந் தேதி ஒரு சென்னை மாரத்தான் நடந்தது. அடுத்தது 2025 ஜனவரி 5-ந் தேதி நடந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஓராண்டைத் திரும்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்து விடுகிறது.

42 கிலோ மீட்டர்!

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஓர் ஊரின் பெயர். கி.மு. 490-ம் ஆண்டில் அங்கே ஒரு பெரும் போர் நடந்தது. வெற்றிச் செய்தியைச் சொல்ல ஒரு வீரன் ஏதென்ஸ் நகரம் வரை ஓடினான், சொன்னதும் விழுந்து உயிரை விட்டான் என்பது கதை.

அந்தக் கதையை நினைவில் வைத்து, 1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் வைத்தார்கள். வென்றவர் யார் தெரியுமா? ஸ்பிரிடோன் லூயி என்ற தண்ணீர் சுமக்கும் தொழிலாளி! தினமும் தண்ணீர் கொண்டு போய்ப் பழகிய கால்கள், பந்தயத்தில் எல்லோரையும் முந்தி விட்டன.

1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் 42.195 கிலோ மீட்டர். பிறகு அதுவே நிலையான தூரம் ஆயிற்று. மைல் கணக்கில் 26-க்குச் சற்று அதிகம்.

எல்லோரும் இவ்வளவு தூரம் ஓடுவதில்லை. இதில் பாதி ஓடினால் அரை மராத்தான். முதன்முதலாக வருகிறவர்கள் பெரும்பாலும் 10 கிலோ மீட்டருக்குத்தான் பெயர் கொடுப்பார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் அதுவே தோது.

பரிசு வாங்குவதற்காக ஓடுகிறவர்கள் முன்வரிசையில் உள்ள சிலர் மட்டுமே. மற்ற ஆயிரக்கணக்கானோர் ஓடி முடித்தோம் என்ற திருப்திக்காகவே வருகிறார்கள். கோட்டைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரு பதக்கம் உண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒருவருக்குப் பதக்கம் கொடுப்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இத்தனை ஆயிரம் பேர் ஓடும்போது யார் எவ்வளவு நேரத்தில் ஓடினார் என்று எப்படிக் கணக்கு வைக்கிறார்கள்? எண் அட்டையின் பின்னால் ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். பாதையில் ஒரு பாய் விரித்திருப்பார்கள். அது மின்சாரப் பாய். ஓடுகிறவர் அதை மிதித்துத் தாண்டும் கணத்தில் அவருடைய எண்ணும் நேரமும் கணிப்பொறியில் பதிவாகி விடும். நடுவில் ஆட்டோ பிடித்துக் குறுக்கு வழியில் போய்ச் சேர முடியாது!

ஏன் ஓடுகிறார்கள்?

2006-ல் 'சென்னை ரன்னர்ஸ்' என்ற ஓட்டக்காரர் சங்கம் தொடங்கியது. சென்னை மாரத்தானை நடத்துவது இந்தச் சங்கமே. ஆரம்பத்தில் கடற்கரையில் நாலு பேர் அரைக் கால்சட்டையோடு ஓடினால் ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நாய்களும் துரத்தும். இப்போது நிலைமை வேறு. 2024-லும் 2025-லும் இந்தப் பந்தயத்துக்கு வந்தவர்கள் 20 ஆயிரத்துக்கும் அதிகம்.

அதற்கு முன்பே இன்னொரு பெரிய கூட்டம் கூடிவிட்டது. 2023 ஆகஸ்டு 6-ந் தேதி நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் 70 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பெயர் கொடுத்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் அது இடம் பெற்றது. அதற்கு முன்னின்றவர் அமைச்சர் மா. சுப்பிரமணியன். அவரே ஓட்டக்காரர். 2004-ல் ஒரு விபத்தில் காலில் பலத்த அடிபட்டது. அதன் பிறகு ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்தவர்.

ஓடும் பந்தயத்தால் பிறருக்கும் நன்மை உண்டு. சென்னை மாரத்தானில் கிடைக்கும் நிதியில் சர்க்கரை வியாதி உள்ள குழந்தைகளுக்கு உதவி செய்கிறார்கள். 'டிரீம் ரன்னர்ஸ்' என்ற அமைப்பு நடத்தும் அரை மராத்தான் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வாங்கித் தருகிறது. ஓடக்கூடியவர்கள் ஓடி, நடக்க முடியாதவரை நடக்க வைக்கிறார்கள்!

சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்த வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது. "நடங்கள், முடிந்தால் ஓடுங்கள்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பந்தயத்துக்கு வருகிறவர்களில் பலர் இப்படி டாக்டர் விரட்டி வந்தவர்களே.

இந்த வியாதிக்கு அடையாறு, ராயபுரம் என்ற பேதம் கிடையாது. பந்தயப் பாதைக்கு மட்டும் அந்தப் பேதம் இருக்கிறது.

பாலத்தில் நின்று பார்த்தால்...

நேப்பியர் பாலம் கூவத்தின் மேல் இருக்கிறது. அதன்மேல் நின்று தெற்கே பார்த்தால் மெரினா. அகலமான காமராஜர் சாலை, மரங்கள், பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, கடற்காற்று. மாரத்தான் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. அடையாறு, பெசன்ட் நகர் என்று போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முடிகிறது.

வடக்கே பார்த்தால் கோட்டை, துறைமுகம். அந்தச் சாலையில் ஓடினால் 5 கிலோ மீட்டரில் ராயபுரம் வந்துவிடும். அங்கேதான் 1856 ஜூலை 1-ந் தேதி தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது. அந்த ரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. மேலும் ஓடினால் காசிமேடு, தண்டையார்பேட்டை. 10, 11 கிலோ மீட்டரில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். எண்ணூர் வரை போனால் ஏறக்குறைய அரை மராத்தான்.

கணக்குப் பார்த்தால் தூரமெல்லாம் கச்சிதமாக அமைந்திருக்கிறது. ஆனால் 2024 பந்தயமும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. 2025 பந்தயமும் திரும்பவில்லை.

இதற்கு யாரையும் குறை சொல்லிவிட முடியாது. பந்தயம் நடத்துகிறவர்கள் வடசென்னையை வெறுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். பாதை தேடுகிறவர் அகலமான சாலையையும் நல்ல காற்றையும் தேடுவார். அவை தெற்கே இருக்கின்றன. அவை எப்படித் தெற்கே போய்ச் சேர்ந்தன என்பதுதான் விஷயம்.

மணல் போன கதை

150 வருஷங்களுக்கு முன்பு மெரினாவில் இவ்வளவு மணல் இல்லை. கோட்டைச் சுவருக்குச் சமீபத்திலேயே அலை அடித்தது. 1876-ல் துறைமுகம் கட்டும் வேலை ஆரம்பமாயிற்று. கடலுக்குள் கல் சுவர்களை எழுப்பினார்கள்.

கடலுக்குள் ஓர் ஆறு ஓடுகிறது என்று சொல்லலாம். அது மணல் ஆறு. நம் கரையில் வருஷத்தில் அதிக நாட்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது மட்டும் கொஞ்சம் திரும்பி வரும்.

துறைமுகச் சுவர் அந்த மணல் ஆற்றுக்கு அணை கட்டியது போல ஆகிவிட்டது. தெற்கே மணல் தேங்கியது. தேங்கித் தேங்கி மெரினா அகன்றது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டப் அங்கே உலாவும் பாதை அமைத்து, மெரினா என்று பெயரும் வைத்தார்.

வடக்கே என்ன ஆயிற்று? வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரை கரை கரைந்தது. மீனவர் குப்பங்களில் வீடுகள் கடலுக்குள் போயின. கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடலுக்குள் கல் கரங்களையும் நீட்டினார்கள். அவற்றுக்கிடையே சில இடங்களில் மணல் திரும்பிச் சேர்ந்தது. ஆனால் நெடுக நடந்து போகிற மணல் கரை என்று ஒன்று அங்கே இல்லாமல் போயிற்று.

மெரினாவில் காலை ஓட்டம் போகிறவரின் காலடியில் கிடப்பது, வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்! இதை அறிந்து யாரும் செய்யவில்லை. ஒரு துறைமுகத்தால் ஒரு பக்கத்துக்கு லாபம், மறு பக்கத்துக்கு நஷ்டம். அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் நஷ்டப்பட்ட பக்கத்தில் குடியிருந்தார்கள்.

லாரியும் கரியும்

மணல் போனால் சாலை இருக்கிறதே? எண்ணூர் விரைவுச் சாலை கடலை ஒட்டியே போகிறது. அலை ஓசையும் கேட்கும். ஆனால் அந்தச் சாலை லாரிகளின் ராஜ்யம். துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நாள் முழுதும் நிற்பதும் உண்டு. டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்குவார்கள். சைக்கிளில் போகிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஓடுகிறவரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

துறைமுகத்தில் முன்பெல்லாம் நிலக்கரியும் இரும்புக் கனியும் குவித்து வைத்திருந்தார்கள். ராயபுரத்தில் வெளுத்துப் போட்ட வேட்டி காய்வதற்குள் கறுத்துவிடும். ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஐகோர்ட்டின் உத்தரவால் 2011-ல் இந்த இரண்டு சரக்குகளும் சென்னைத் துறைமுகத்தில் நின்றன. ராயபுரம் பெருமூச்சு விட்டது.

கரி எங்கே போயிற்று? எண்ணூருக்குப் போயிற்று! 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கிறது. அங்கே கரி இறங்குகிறது. பக்கத்தில் அனல் மின் நிலையம், சாம்பல் குளம், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. 1970-ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். மற்றவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

காற்றுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு நிமிஷத்தில் 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். வேகமாக ஓடும்போது அதைப்போலப் பத்து மடங்கு இழுப்பார். அதுவும் மூக்கால் அல்ல, வாயால். மூக்கில் உள்ள மயிர் வடிகட்டும் தூசி அப்போது நேரே நெஞ்சுக்குப் போகும். நல்ல காற்றில் ஓடினால் ஆயுள் கூடும். கெட்ட காற்றில் அதே ஓட்டம் மூச்சு முட்டலில் முடியலாம்.

ஆகவே "வடசென்னை வாலிபர்களே, நீங்களும் தினமும் காலையில் எழுந்து ஓடுங்கள்" என்று மேடையில் பேசிவிட்டுப் போவது எளிது. எந்தக் காற்றில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த இரவு

2023 டிசம்பர் மாதம் எண்ணூரை மறக்க முடியாதபடி செய்துவிட்டது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு சேர்ந்து ஆலை எண்ணெய் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. வலையிலும் படகிலும் மாங்குரோவ் மரங்களின் வேரிலும் கறுப்பு அப்பியது. மீனவர்கள் வாளியும் முறமுமாக அதை அள்ளினார்கள்.

அந்த எண்ணெய் வாடை போவதற்குள் இன்னொரு வாடை வந்தது. டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு வாக்கில், பெரியகுப்பம் பகுதியில் ஜனங்கள் திணறிக்கொண்டு எழுந்தார்கள். கண் எரிந்தது. தொண்டை எரிந்தது. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு!

அம்மோனியா ஈரத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் வாயு. கண்ணிலும் மூக்கிலும் நெஞ்சிலும் ஈரம் இருப்பதால் முதலில் அங்கேதான் தாக்கும். என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வயதானவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இருட்டில் ஓடினார்கள். ஐம்பது பேர் அளவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது? வாயு கசிந்தால் காற்று அடிக்கும் திசையிலே ஓடக்கூடாது. காற்றுக்குக் குறுக்காக ஓடி விலக வேண்டும். வாய், மூக்கை ஈரத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய பாடம் இது. அன்று எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு ஓடுவது என்பதை அவரவரே இருட்டில் முடிவு செய்தார்கள்.

அந்த இரவுக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் 2024 ஜனவரி 6-ந் தேதி நேப்பியர் பாலத்தில் மாரத்தான் தொடங்கியது. ஒரே நகரம். ஒரு பக்கம் ஆனந்தமாக ஓடினார்கள். மறு பக்கம் உயிர் பிழைக்க ஓடி முடித்து, தொழிற்சாலையை மூடச் சொல்லிப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் போராட்டம் பல வாரங்கள் நடந்தது.

சிறிய இடம், பெரிய வெற்றி

இதனால் வடசென்னையில் விளையாட்டு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. விளையாட்டுக்கு அங்கே என்றும் குறைவு இருந்ததில்லை. குத்துச்சண்டைக்கு வடசென்னை பேர் போனது. கால்பந்துக்குப் பேர் போனது. கேரம் பலகை இல்லாத தெரு முனையைக் காண்பது அரிது.

அதே 2024-ல், நவம்பர் மாதம், அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கப் பதக்கங்களை அள்ளி வந்தவர் காசிமா. புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுகிறவர். அரசாங்கம் ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது.

இந்த விளையாட்டுகளைச் சற்று யோசித்துப் பாருங்கள். கேரம் பலகை ஓர் அறைக்குள் அடங்கும். குத்துச்சண்டைக் கூடம் ஒரு மொட்டை மாடியில் அடங்கும். கால்பந்துக்கு ஒரு பொட்டல் போதும். வடசென்னைக்குக் கிடைத்த இடம் எவ்வளவோ, அந்த அளவுக்குள் விளையாட்டை அமைத்துக்கொண்டது. நெடுந்தூர ஓட்டம் மட்டும் அப்படி அடங்காது. அதற்குச் சாலை வேண்டும்.

பூட்ஸ் செலவும் இருக்கிறது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி மாரத்தானில் தங்கம் வாங்கினார் என்பது உண்மையே. ஆனால் கண்ணாடிச் சில்லும் இரும்புத் துண்டும் கிடக்கிற சாலையில் அந்தக் கதையைச் சொல்லி யாரையும் ஓடவிட முடியாது. பெரிய பந்தயங்களில் பெயர் கொடுக்கவே கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவுக்கு ஆகிறது. சில பிரிவுகளில் அதற்கு மேலும் உண்டு. தினக்கூலிக்காரர் பார்த்து வியக்கலாமே தவிர, மனைவி மக்களோடு போய்ப் பெயர் கொடுக்க மாட்டார்.

இன்னொன்று. 2024 பந்தயம் நடந்தது சனிக்கிழமை. அலுவலகங்கள் பலவற்றுக்கு அன்று விடுமுறை. தொழிற்சாலையில் முதல் ஷிப்டுக்குப் போகிறவருக்கு அது வேலை நாள். 2025-ல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நல்ல வேளை!

நடை பாதையும் அங்கேதான்

ஓட முடியாதவர்கள் நடக்கலாம் அல்லவா? 2023 நவம்பர் 4-ந் தேதி தமிழக அரசு 'நடப்போம், நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோ மீட்டர் நடைபாதை. ஜப்பானில் டோக்கியோ நகரில் கண்டதைப் பார்த்துச் செய்தது. நல்ல திட்டம். சென்னை மாவட்டத்துக்கான பாதை எங்கே அமைந்தது? பெசன்ட் நகரில்!

எண்ணூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போய் 8 கிலோ மீட்டர் நடந்துவிட்டுத் திரும்புவது என்றால், போக வர மட்டுமே அரை நாள் ஆகிவிடும்.

வடசென்னைக்குப் பணம் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2024 மார்ச் 14-ந் தேதி வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தங்கசாலையில் தொடங்கி வைத்தார். 4,181 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அது 6,309 கோடியாக உயர்ந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், குடிநீர், பூங்கா என்று வேலைகளின் பட்டியல் நீளம். குடிநீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதலிடம் தந்தது சரியே. ஆனால் இவ்வளவு பணத்தில் லாரி வராத 5 கிலோ மீட்டர் பாதை ஒன்று, விளக்கோடும் குடிதண்ணீர்க் குழாயோடும் கிடைத்தால், அதனால் மிச்சமாகும் மருந்துச் செலவு கொஞ்சமாக இராது.

விளக்கு என்பது சாதாரண விஷயம் அல்ல. பெண்கள் ஓடக்கூடிய நேரம், வீட்டு வேலை தொடங்குவதற்கு முன் உள்ள இருட்டு நேரம்தான். காசிமேட்டுக்குப் போகிற பெண்கள் அந்த இருட்டில்தான் தலையில் கூடையோடு விரைகிறார்கள். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. பதக்கமும் கொடுப்பதில்லை.

நியூயார்க் செய்தது என்ன?

வேறு ஊர்களில் எப்படி? நியூயார்க் நகரத்தில் 1970-ல் முதல் மாரத்தான் நடந்தபோது, பணக்கார வீடுகள் சூழ்ந்த ஒரு பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கட்டணம் ஒரு டாலர். புறப்பட்டவர்கள் 127 பேர். முடித்தவர்கள் 55 பேர்!

1976-ல் ஒரு மாறுதல் செய்தார்கள். நகரத்தின் ஐந்து பகுதிகளுக்குள்ளும் பாதை போகும்படி அமைத்தார்கள். அதில் ஏழைகள் வாழும் பகுதியும் இருந்தது. துறைமுகக் கரையும் இருந்தது. "அங்கே எப்படி ஓடுவது?" என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் ஜனங்கள் தெருவில் நின்று தண்ணீர் கொடுத்தார்கள், கை தட்டினார்கள். இன்று உலகத்திலேயே பெரிய மாரத்தான்களில் அது ஒன்று.

லண்டனில் 1981-ல் தொடங்கிய மாரத்தானும் பழைய கப்பல் துறைகள் இருந்த பகுதி வழியாகவே போகிறது. அங்கே கப்பல் வேலை போய் ஜனங்கள் தவித்த காலம் அது. பந்தயம் வந்ததால் வேலை வந்துவிடவில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் ஊர் முழுவதும் அந்தத் தெருக்களைப் பார்த்தது. குண்டும் குழியுமான சாலையை ஆயிரம் பேர் ஓடும்போது மூடி மறைக்க முடியாது.

சென்னையிலும் இதைச் செய்து பார்க்கலாம். முழு மாரத்தான் வேண்டாம். 10 கிலோ மீட்டர் போதும். நேப்பியர் பாலத்தில் புறப்பட்டு, கோட்டையைத் தாண்டி, ராயபுரம் வழியாகத் திருவொற்றியூர். கோயிலுக்குச் சற்று முன்பே கணக்குச் சரியாகி விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 4 மணி முதல் 8 மணி வரை, லாரிகளை மாதவரம் பக்கத்திலும் மணலியிலும் நிறுத்தி வைக்க வேண்டும். துறைமுகத்துக்கு நாலு மணி நேரம் ஒரு சுமை அல்ல. புயல் எச்சரிக்கை வந்தால் நாள் கணக்கில் நிறுத்துகிறார்களே!

பந்தய நாளுக்கு ஒரு வாரம் முன்பே காற்றின் அளவைத் தினமும் பலகையில் எழுதிப் போட வேண்டும். மணலியில் காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. இந்திய விதிப்படி, நுண்ணிய தூசி ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாளில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 15 போதும் என்கிறது. அளவு மீறினால் பந்தயத்தைத் தள்ளி வைக்க வேண்டியதுதான். அப்படித் தள்ளி வைத்தால் ஏன் தள்ளி வைத்தார்கள் என்று இருபதாயிரம் பேர் கேட்பார்கள். இன்றைக்கு அதை எண்ணூர்க்காரர் மட்டும் கேட்கிறார்.

கட்டணத்தில் உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை தரலாம். சுற்றிலும் உள்ள ஆலைகள் அதை ஏற்கலாம். பந்தய நாளன்று, வாயு கசிந்தால் எந்தத் தெரு வழியாக ஓடுவது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓடியே காட்டிக் கொடுக்கலாம். அந்த ஓட்டத்துக்கு மின்சாரப் பாயும் தகடும் தேவையில்லை.

2025 ஜனவரி 5-ந் தேதி பந்தயம் முடிந்து மெட்ரோ ரயிலில் வடக்கே திரும்பியவர்களின் கழுத்தில் பதக்கம் இருந்தது. விம்கோ நகரோடு மெட்ரோ பாதை முடிந்துவிடுகிறது. எண்ணூருக்குப் போக வேண்டியவர் அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். 42 கிலோ மீட்டர் ஓடிய கால்கள், கண்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி மெதுவாகச் சாலையைக் கடக்கும்.